பழைய சேலைப் போர்வை ஒன்றைச் செப்பனிட்ட விதம்: நானுஓயாப் பக்கத்துத் தோட்ட வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நானுஓயாவை அடுத்த தேயிலைத் தோட்டம் ஒன்றில், 1,600 மீற்றர் உயரத்தை ஒட்டிய மலைச் சரிவில் இருக்கும் லயத்து (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) வீடு அது. கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற 68 வயதுத் தாய், அவருடைய மகள், மருமகன், இரண்டு பிள்ளைகள் அங்கே வாழ்கிறார்கள். உள் காம்பராவில் இருந்த தகரப் பெட்டியில் கையால் தைத்த சேலைப் போர்வைகள் இரண்டு பல வருடங்களாகக் கிடந்தன. இரண்டையும் தைத்தவர் தாயின் அம்மா. அவர் காலமாகி நெடுநாளாகிறது.

கட்டிக் கிழிந்த பருத்திச் சேலைகளையும் சாரங்களையும் (லுங்கிகளையும்) நான்கைந்து அடுக்காக விரித்து, ஓரங்களை மடித்து, முழுப் பரப்பிலும் ஓட்டுத் தையல் போட்டு இறுக்கியதுதான் சேலைப் போர்வை. உள்ளே பஞ்சு கிடையாது. அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் காற்றே சூட்டைத் தருகிறது. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் விடியற்காலையில் புல்லின் மேல் பனி உறைந்து கிடக்கும். மலைக்கு வேலைக்குப் போகையில் கம்பளி, வீட்டில் படுக்க இந்தப் போர்வை என்றுதான் பல குடும்பங்கள் குளிரைக் கழித்தன.

பெரிய போர்வை எப்போது தைக்கப்பட்டது என்பது தாய்க்கு நன்றாக நினைவிருந்தது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்தது. அப்படிப் போனவர்களில் தாயின் அக்கா குடும்பமும் ஒன்று. 1974இல் கோச்சியில் (ரயிலில்) தலைமன்னாருக்குப் போய், கப்பலேறி, நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் குடியேறினார்கள். அக்கா விட்டுப்போன சேலை ஒன்றையும் வீட்டில் இருந்த பழந்துணிகளையும் சேர்த்து அடுத்த மழைக்காலத்தில் தைத்தது இந்தப் போர்வை. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்படும் முன் நாட்டில் துணிக்குப் பெரும் தட்டுப்பாடு இருந்தது. நடு அடுக்குகளில் கோதுமை மாவு வந்த துணிச் சாக்குகள் இருப்பதற்கு அதுவே காரணம்.

செப்பனிடும் எண்ணம் ஓர் இழப்பிலிருந்து வந்தது. முந்திய டிசம்பரில், பிறக்கப்போகும் குழந்தை ஒன்றுக்காகச் சிறிய போர்வையை உறவினர் வீட்டுச் சலவை மெஷினில் போட்டிருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் மேல்துணி மடிப்புக் கோடுகளில் வரிசையாகப் பிளந்துவிட்டது. சிவப்புச் சாயம் வெள்ளைத் துணியெங்கும் பரவியது. பருத்தித் துணிகளுக்கு நடுவே தைத்திருந்த நைலெக்ஸ் (நைலோன் துணி) துண்டுகள் மட்டும் புதிதுபோல் இருந்தன, அவற்றைப் பிடித்திருந்த பருத்தி விட்டுப்போயிருந்தது. பெரிய போர்வைக்கும் இதே கதி வரக்கூடாது என்று, தையலில் நீண்ட பழக்கமுள்ள அயல்வீட்டுப் பெண் ஒருவரிடம் மகள் உதவி கேட்டார். இனி வருவது பெரிய போர்வையைப் பற்றியது.

என்ன காணப்பட்டது

மார்ச் முதல் ஞாயிறு முழுவதும் பார்வையிடுவதற்கே போனது. அன்று ஊசியை எடுக்கவில்லை. தரையில் பாய் போட்டு, அதன்மேல் துவைத்த வெள்ளைப் படுக்கை விரிப்பைப் பரப்பி, போர்வையை இருவர் நாலு முனையிலும் தாங்கி விரித்தார்கள். வெள்ளை விரிப்பு போட்டதற்குக் காரணம் உண்டு. உதிரும் நூல், தூள், பூச்சி எச்சம் எல்லாம் அதில் தெளிவாகத் தெரியும். போர்வையை மடித்து எடுத்தபின் விரிப்பில் எவ்வளவு தூள் கிடக்கிறது என்பதே துணியின் வலுவைப் பற்றிப் பாதி சொல்லிவிடும்.

அளவு 150 செ.மீ. × 205 செ.மீ. எடை 1.9 கிலோ. ஐந்து அடுக்கு: மேலே வாயில் (voile என்னும் மெல்லிய பருத்தித் துணி) சேலை இரண்டு அடுக்கு, நடுவில் மாச்சாக்குத் துணி இரண்டு அடுக்கு, அடியில் பழுப்புக் கட்டம் போட்ட சாரம். மேல் அடுக்கு ஒரே சேலை அல்ல. சிவப்பு வாயில் பெரும்பகுதி, அதன் முந்தானை ஒரு பக்கத்தில், நடுவில் பச்சைக் கோடு போட்ட துணி ஒரு சிறு துண்டு. நீளவாக்கில் 4 செ.மீ.க்கு ஒன்றாக 37 தையல் வரிசை. வரிசைகள் கோணலே இல்லாமல் ஓடுகின்றன. மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் தைத்ததாகத் தாய் சொன்னார்.

சதுரக்கோட்டுக் கொப்பியில் ஒரு சதுரம் 10 செ.மீ. என்று வைத்துப் படம் வரைந்து, பழுது ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார்கள். ஒவ்வொன்றையும் பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கைபேசியில் படம் எடுத்தார்கள்.

ஓட்டைகள் பதினொன்று. நான்கு 2 செ.மீ.க்கும் குறைவு, ஐந்து நடுத்தரம், இரண்டு உள்ளங்கை அளவு. மடிப்புக் கோடுகளில் ஒன்பது பிளவு, மொத்தம் 85 செ.மீ. தலைப்பக்க ஓரம், கையால் பிடித்து இழுத்து மூடிய இடங்களில் தேய்ந்து நூல் நூலாக நின்றது. தையல் வரிசைகளில் ஏறக்குறைய கால்பங்கு, அதாவது 19 மீற்றர், அறுந்திருந்தது. தகரப் பெட்டியின் அடியைத் தொட்டிருந்த பக்கத்தில் கருப்புப் பூஞ்சணப் புள்ளிகளும் இரண்டு துருக் கறைகளும் இருந்தன. துரு வெறும் நிறம் அல்ல, இரும்பு பருத்தியை அரிக்கும். கறையின் நடுவே துணி அப்பளம்போல் நொறுங்கியது. ஒரு மூலையை எலி கடித்திருந்தது. அந்த மூலையில் பழைய எண்ணெய்க் கறை இருந்ததால் எலி அங்கே போயிருக்கும்.

எங்கள் பார்வையில் இந்தப் போர்வையே தந்த மிகப் பெரிய பாடம் ஒரு பழைய ஒட்டு. சுமார் இருபது வருடத்துக்கு முன் யாரோ தடித்த பொப்ளின் துண்டொன்றை பொலியெஸ்டர் நூலால் மெஷினில் அடித்திருக்கிறார்கள். ஒட்டும் நூலும் இன்றும் புதிதுபோல் உள்ளன. ஆனால் அதன் நான்கு விளிம்பிலும், ஊசி துளைத்த வரிசையிலேயே, பழைய வாயில் தபால் முத்திரை கிழிப்பதுபோல் கிழிந்திருந்தது. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு துளையும் நீள்வட்டமாக இழுபட்டு, அடுத்த துளையோடு சேர்ந்திருப்பது தெரிந்தது. துணியைவிட நூல் வலுவாக இருந்தால், இழுபடும்போது அறுவது துணிதான்.

வலுவைப் பார்க்க ஊசிச் சோதனை செய்யப்பட்டது. மெல்லிய ஊசியின் முனையை ஓட்டையின் ஓரத்தில் இரண்டு இழைகளுக்கு நடுவே விடவேண்டும். இழை விலகிக் கொடுத்தால் தையலைத் தாங்கும், முறிந்தால் தாங்காது. பெரும்பாலான இடங்களில் ஓட்டை விளிம்பிலிருந்து 2 செ.மீ. தள்ளி நல்ல துணி கிடைத்தது. முந்தானைப் பகுதியில் மட்டும் எங்கே குத்தினாலும் இழை முறிந்தது.

சாயச் சோதனையும் அன்றே. நனைத்துப் பிழிந்த வெள்ளைப் பருத்தித் துணியை ஒவ்வொரு நிறத்தின் மேலும் இரண்டு நிமிடம் அழுத்தி வைத்தார்கள். சாரமும் பச்சைக் கோடும் எதுவும் விடவில்லை. சிவப்பு, துணியை இளஞ்சிவப்பாக்கியது. வெறும் குளிர்ந்த தண்ணீருக்கே இவ்வளவு.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் கேள்வி, இது போர்த்தவா, பாதுகாக்கவா என்பது. மகள் பெட்டிக்குள் பத்திரமாக வைக்க விரும்பினார். தாய் ஒத்துக்கொள்ளவில்லை. "போத்திக்கிறதுக்குத்தானே அம்மா தச்சாங்க" என்பது அவர் பதில். இரண்டுக்கும் நடுவில் ஒரு முடிவு வந்தது: கடுங்குளிர் வாரங்களில் மட்டும் தாய் போர்த்துவார், அதுவும் மெல்லிய பருத்தி உறைக்குள் போட்டு. இந்த முடிவு முதலில் வந்தாக வேண்டும். எத்தனை ஒட்டு, எவ்வளவு இறுக்கம், ஓரத்துக்கு என்ன என்ற எல்லாவற்றையும் இதுதான் தீர்மானிக்கிறது.

அடுத்தது கழுவலாமா என்பது. வீட்டார் எல்லோரும் கழுவத்தான் நினைத்திருந்தார்கள், வாடை அப்படி. கழுவுவதில்லை என்று முடிவானது. சிவப்பு சாயம் விடுகிறது. உப்பு, வினாகிரி போட்டால் சாயம் நிற்கும் என்று சொல்வதை நம்பி இறங்கக்கூடாது, இன்றைய பருத்திச் சாயங்களை அவை நிறுத்துவதில்லை. மேலும் தண்ணீரில் ஊறிய போர்வை தன் எடையைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் கனக்கும், வாளியிலிருந்து தூக்கும் அந்த ஒரு இழுப்பே நொய்ந்த துணியைப் பிளக்கப் போதும். வெளுப்பான்கள் பேச்சுக்கே இல்லை. குளோரின் பருத்தி இழையை மேலும் நலிவாக்கும்.

பதிலாக உலர் சுத்தம். வெயிலும் காற்றும் உள்ள நாளில், வாயையும் மூக்கையும் முகக்கவசத்தால் மூடி, இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு) வெளியே வைத்து, போர்வையின் மேல் பழைய நுளம்பு வலையை விரித்து, வலைக்கு மேலாகவே மிருதுவான தூரிகையால் ஒரே திசையில் தட்டினார்கள். வலை இருந்தால் தூரிகை மயிர் அறுந்த நூலில் மாட்டாது. பூஞ்சணம் இருந்த சாரப் பக்கத்தை மட்டும் ஈரம் ஒட்டப் பிழிந்த துணியால் ஒற்றி, உடனே உலர்ந்த துணியால் ஒற்றினார்கள். பிறகு நிழலில் நான்கு மணி நேரம், மூங்கில் தட்டியின் மேல் படுக்கையாக. கொடியில் தொங்கவிடவில்லை.

நூல், 50ஆம் எண் பருத்தி நூல். ஊசி, 9ஆம் எண் மெல்லிய கையூசி. மெஷின் வேண்டாம் என்று முடிவானது. மெஷினின் கால்தகடு மேல் அடுக்கைத் தள்ளிக்கொண்டு போகும், அடி அடுக்கு பின்தங்கும், ஐந்து அடுக்கும் ஐந்து வழியில் சுருங்கும்.

ஒட்டுக்குத் தாயின் பழைய மஞ்சள் வாயில் சேலை. பதினைந்து வருடம் துவைத்துத் துவைத்துப் பஞ்சானது. புதுத் துணியைவிட இது நல்லது, எடை ஒன்றாக இருக்கும், இனிச் சுருங்காது. மெஷினில் நைந்த சிறிய போர்வையின் துண்டுகளை எடுத்துக்கொள்ளலாம் என்று மகள் சொன்னார். அந்தத் துணியே நொய்ந்தது என்பதால் ஏற்கவில்லை.

மிக முக்கியமானது கடைசி முடிவு: பழைய துணியில் எதையும் வெட்டி எடுப்பதில்லை. நைந்த விளிம்பைக் கத்தரித்து நேராக்கினால் தைப்பது சுலபம், பார்வைக்கும் அழகு. ஆனாலும் வேண்டாம் என்று அயல்வீட்டுப் பெண் உறுதியாக நின்றார். எல்லா ஒட்டும் மேலே படியும், தேவைப்பட்டால் நூலை அறுத்து எடுக்கக்கூடியதாக இருக்கும். முந்தானை தையலைத் தாங்காது என்பதால் அதன்மேல் ஒட்டு போடாமல் மெல்லிய கருஞ்சிவப்பு வலைத்துணியைப் போர்த்தித் தைப்பது. அது அக்காவின் சேலை என்று தாய் சொன்னதும் ஒரு காரணம். வெள்ளை வலை வேண்டாம், அது மூடுபனி படிந்ததுபோல் கிடக்கும். துணியின் நிறத்தைவிடச் சற்று இருண்ட வலை கண்ணுக்கு மறைந்துவிடும்.

போயா நாள்

மார்ச் மாதப் போயா (முழுநிலா நாள்) விடுமுறை. பிரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போக வேண்டியதில்லை. பிள்ளைகள் பாட்டனார் வீட்டுக்குப் போய்விட்டார்கள். காலை பனிமூட்டம் விலகி நல்ல வெளிச்சம் வர ஒன்பது மணியானது. மின்குமிழ் வெளிச்சத்தில் தொடங்கியிருக்கலாம், ஆனால் சிவப்புத் துணியில் இழையின் போக்கு பகல் வெளிச்சத்தில்தான் கண்ணுக்குத் தெரியும்.

முதல் ஒரு மணி நேரம் தற்காலிகத் தையல். நடுவிலிருந்து நான்கு பக்கமும், 10 செ.மீ.க்கு ஒரு வரிசை, ஒவ்வொரு தையலும் 3 செ.மீ. நீளம், வெள்ளை நூல். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் துணி திரண்டு நிற்கும். ஊக்குகள் குத்தவில்லை, அவை நொய்ந்த துணியில் பெரிய துளை விடும்.

பிறகு ஒட்டுகள். ஒரு நடுத்தர ஒட்டின் முறை இது. நல்ல துணி தொடங்கும் இடம்வரை அளந்து, அதற்கு மேல் சுற்றிலும் 2 செ.மீ. சேர்த்து வெட்டுவது. நான்கு மூலையையும் வட்டமாக்குவது, கூர்மூலையில் இழுப்பு ஒரே புள்ளியில் சேரும். விளிம்பை 6 மி.மீ. உள்ளே மடித்து விரல் நகத்தால் அழுத்துவது. ஒட்டின் பாவும் ஊடும் அடித்துணியின் பாவு, ஊடு ஓடும் திசையிலேயே படியவேண்டும். நூலை 45 செ.மீ.க்கு மேல் எடுக்கக்கூடாது, நீளமான நூல் ஒவ்வொரு துளையிலும் உராய்ந்து பழைய இழையை அறுக்கும். முடிச்சு போடுவதில்லை. புதுப் போர்வையில் முடிச்சை உள்ளே இழுத்து மறைப்பார்கள், இங்கே அந்த இழுப்பு ஓட்டையாகிவிடும். முடிச்சுக்குப் பதிலாக நல்ல துணியில் ஒரே இடத்தில் இரண்டு சிறிய பின் தையல். சுற்றிலும் 3 அல்லது 4 மி.மீ. இடைவெளியில் மடிப்புத் தையல். கடைசியாக, பழைய தையல் வரிசை எங்கே ஓடியதோ அதே கோட்டில் ஒட்டுக்கு மேலாக ஓட்டுத் தையலை விட்டு, ஐந்து அடுக்கையும் சேர்த்துப் பிடிப்பது. இந்தக் கடைசி வேலையை விட்டால் ஒட்டு பை போல் தொங்கும்.

இரண்டு பெரிய ஓட்டைகளில் நடு அடுக்கும் போயிருந்தது. அவற்றில் ஒன்றின் வழியாக மாச்சாக்கின் மங்கிய நீல எழுத்துகள் தெரிந்தன. மூடுவதற்கு முன் அதைத் தனியே படமெடுத்து, உள்ளே அதே எடையுள்ள பழைய பருத்தித் துண்டொன்றை வைத்து, அதன்மேல் ஒட்டைப் படியவைத்தார்கள்.

மூன்றாவது ஒட்டில் பிழை நேர்ந்தது. சேலைத் துணியை மடிப்புக் கோட்டை நம்பி வெட்டிவிட்டார்கள். மடிப்பு இழைக்குச் சாய்வாக இருந்தது. தைத்து முடித்தபின் ஒரு மூலை முறுக்கிக்கொண்டு நின்றது. அவிழ்க்கும்போது அடித்துணியில் புதிதாக இரண்டு சிறு ஓட்டைகள். அதன்பின் ஒவ்வொரு ஒட்டுக்கும் சேலையிலிருந்து ஓர் இழையை உருவி, அந்த இழை விட்ட கோட்டில் வெட்டினார்கள். ஒட்டுக்கு மூன்று நிமிடம் கூடுதல். பிறகு ஒன்றும் முறுக்கவில்லை.

நான்காவது ஒட்டு பச்சைக் கோட்டுத் துணியின் மேல், 14 செ.மீ. × 11 செ.மீ. ஓட்டை பெரிதில்லை, சுற்றியிருந்த தேய்வுதான் பெரிது. இதைப் பின்னால் மறுபடி பேச வேண்டியிருக்கும்.

தாயால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கோத்துக் கொடுத்தால் தையல் அவருக்கே நேராக வந்தது, அதுவும் அவர் அம்மா விட்ட அதே இடைவெளியில். வரிசைகளை மறுபடி ஓட்டும் வேலை அவரிடம் போனது. ஐந்து செ.மீ.க்கு மேல் அறுந்த இடங்களை மட்டும் தைப்பது என்று வைத்துக்கொண்டார்கள். பழைய நூலை உருவவில்லை, அதன் பக்கத்திலேயே புது நூல் ஓடியது.

நான்கரைக்கு மழை இருட்டியது, நிறுத்திவிட்டார்கள். அதுவரை ஆறு மணி நேர வேலை, ஆறு ஒட்டுகள், நான்கு மீற்றர் வரிசை. ஒரே நாளில் முடியும் என்ற கணக்கு பொய்த்தது. அவசரப்பட்டு விளக்கைப் போட்டுத் தொடராதது நல்ல முடிவு.

தொடர்ந்த மூன்று ஞாயிறுகள்

எஞ்சிய ஐந்து ஒட்டுகளும் மீதி வரிசைகளும் இரண்டாம் ஞாயிறோடு முடிந்தன. ஏழாவது ஒட்டுக்கு வாயில் துணி போதவில்லை. ஓரப்பட்டிக்கென்று வாங்கிய புதுத் துணியின் மிச்சத்தில் வெட்டினார்கள், மூலையும் வட்டமாக்கப்படவில்லை.

மடிப்புப் பிளவுகளுக்கு ஒட்டு பொருந்தாது. 3 செ.மீ. அகல வாயில் பட்டியைச் சாமணத்தால் பிளவின் உள்ளே, மேல் அடுக்குக்கு அடியில் நுழைத்து, பிளவின் இரு உதட்டையும் தொடும்படி சேர்த்து, குறுக்கே 5 மி.மீ.க்கு ஒன்றாக நீண்ட தையல்கள். உதடுகளை இழுத்து நெருக்கவில்லை. தொடவில்லையென்றால் இடைவெளியோடே விடவேண்டும். நெருக்கி இழுத்தால் பக்கத்தில் புதுப் பிளவு பிறக்கும்.

முந்தானைக்கு மேல் வலைத்துணி, 150 செ.மீ. × 40 செ.மீ. தையல் எல்லாம் முந்தானைக்கு வெளியே உள்ள நல்ல துணியிலும், முந்தானைக்குள் பழைய தையல் துளைகள் ஏற்கெனவே இருந்த கோடுகளிலும் மட்டுமே. புதுத் துளை ஒன்றுகூட விழவில்லை.

கடைசியாக ஓரப்பட்டி. சுற்றளவு 7.1 மீற்றர், மூலைக்கும் இணைப்புக்கும் 30 செ.மீ. சேர்த்து 7.4 மீற்றர். 115 செ.மீ. அகலத் துணியில் 6 செ.மீ. பட்டிகள் ஏழு, அரை மீற்றர் துணி போதும். மூன்று முறை வெந்நீரில் துவைத்து உலர்த்தியபின் வெட்டியது. பட்டியை இரண்டாக மடித்து, திறந்த விளிம்பை மேல்பக்கத்தில் 8 மி.மீ. உள்ளே தைத்து, புரட்டி, சாரப் பக்கத்தில் மடிப்புத் தையல். தேய்ந்த பழைய ஓரம் வெட்டுப்படாமல் பட்டிக்குள் உறங்குகிறது.

மொத்தம் இருபது மணி நேரம். 100 மீற்றர் நூற்கட்டையில் பாதிக்கு மேல் போயிற்று. போயா நாளன்று போட்ட தற்காலிகத் தையல் கடைசி நாள்வரை இருந்தது.

கூடலூரிலிருந்து வந்த பதில்

சித்திரைப் புத்தாண்டு வாழ்த்தோடு, முடிந்த போர்வையின் படங்களை மகள் வட்ஸ்அப்பில் கூடலூருக்கு அனுப்பினார். மறுநாள் காணொளி அழைப்பில் பெரியம்மா பேசினார். வலைக்குள் இருந்த சிவப்பு முந்தானையைப் பார்த்துவிட்டு, "அது என் சேல இல்ல தங்கச்சி. அம்மா தீவாளிக்குக் கட்டுனது. என்னது பச்சக்கோடு போட்டது. எங்க அதக் காணோம்?" என்றார்.

பச்சைக் கோட்டுத் துணியின் பெரும்பகுதி நான்காவது ஒட்டுக்கு அடியில் இருந்தது.

பழைய கொப்பிப் படத்தையும் தைப்பதற்கு முன் எடுத்த படங்களையும் அனுப்பியபோது பெரியம்மா அந்தக் கோட்டை உடனே அடையாளம் கண்டார். அடுத்த வார இறுதியில் ஒட்டை அவிழ்த்தார்கள். மடிப்புத் தையலை ஒன்றுவிட்டு ஒன்றாக மேல்பக்கத்தில் அறுத்து, ஒட்டைத் தூக்கி, மிச்ச நூலைச் சாமணத்தால் உருவினார்கள். ஐம்பது நிமிடம். பருத்தி நூல் மெல்லியது, முடிச்சு இல்லை, அடித்துணி வெட்டப்படவில்லை. அதனால் பச்சைக் கோட்டுத் துணி போட்டபடியே கிடைத்தது. பொலியெஸ்டர் நூலும் மெஷினுமாக இருந்திருந்தால் இது முடிந்திருக்காது. ஓட்டைக்கு அடியில் வாயில் துண்டை நுழைத்து, மேலே இளம்பச்சை வலைத்துணி வைத்து மறுபடி மூடினார்கள். இப்போது கோடுகள் தெரிகின்றன. முந்தானையின் வலை அப்படியே இருக்கிறது. அம்மாவின் தீபாவளிச் சேலை என்று தெரிந்தபின் அதை எடுக்க யாருக்கும் மனமில்லை.

மழைக்காலமும் குளிர்காலமும்

தகரப் பெட்டி கைவிடப்பட்டது. போர்வையை வெளுத்த தலையணை உறைக்குள் போட்டு, தரையிலிருந்து ஓரடிக்கு மேல் மரப்பலகையில், மழை அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டாமல், உட்சுவர்ப் பக்கம் வைத்தார்கள். பொலித்தீன் பை கூடாது. உள்ளே மாட்டிய ஈரம் வெளியேறாது. காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டியே நிற்கும்போது பூஞ்சணம் பிடிக்கும், தென்மேற்குப் பருவமழையில் இங்கே வாரக்கணக்கில் அதுதான் நிலை. ஜூன் முதல் செப்டெம்பர் வரை மாதம் ஒருமுறை, மழை விட்ட பகலில் எடுத்து இரண்டு மணி நேரம் காற்றாட விட்டார்கள். மடிக்கும்போதெல்லாம் மடிப்பை வேறு இடத்தில் விழச்செய்து, மடிப்புக்குள் சுருட்டிய பழந்துணி வைத்தார்கள். புதிய பூஞ்சணம் வரவில்லை. மழை மாதங்களில் புகை கலந்த வாடை திரும்பியது, செப்டெம்பரில் தணிந்தது.

பூச்சி உருண்டை போடவில்லை. வீட்டில் கைக்குழந்தை வந்துபோகும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு, நப்தலீன் ஏறிய துணியைப் போர்த்தினால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து உயிராபத்து வரலாம். அந்தக் குறைபாடு இருப்பது பெரும்பாலும் முன்கூட்டித் தெரியாது. கைக்குழந்தை உள்ள எந்த வீட்டிலும் போர்வைப் பெட்டியில் அந்த உருண்டை இருக்கக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

டிசம்பர் கடைசியிலிருந்து ஆறு வாரம் தாய் போர்த்தினார். உறையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துவைத்தார்கள், போர்வையைத் தண்ணீர் தொடவில்லை. பெப்ரவரியில் விரித்துப் பார்த்ததில் வாயில் ஒட்டுகள் அனைத்தும் நன்றாக இருந்தன. ஓரப்பட்டியில் குறை இல்லை. வரிசையில் இரண்டு இடத்தில் புதுநூல் அறுந்திருந்தது, துணி அறவில்லை, அறவேண்டியது நூல்தான். ஏழாவது ஒட்டின் கூர்மூலையில் மட்டும் 1.5 செ.மீ. புதுக் கிழிசல்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

படங்களை உறவினருக்கு அனுப்புவது தைத்தபின் அல்ல, தைப்பதற்கு முன். எந்தத் துணி யாருடையது என்பதில் ஒருவர் நினைவை மட்டும் வைத்து முடிவெடுத்தார்கள். ஐம்பது வருட நினைவு அது, பிசகுவது இயல்பு. தைத்தவர் இல்லாதபோது, அந்தத் துணிகளை உடுத்தியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஒட்டுக்கு எடுக்கும் துணியின் அளவை முதல்நாளே கூட்டிப் பார்த்திருந்தால் ஏழாவது ஒட்டு இப்படி ஆகியிருக்காது. பதினொரு ஓட்டைக்கும் பிளவுப் பட்டிகளுக்கும் சேர்த்து ஒரு மீற்றர் வாயில் தேவைப்பட்டது, வெட்டி வைத்தது முக்கால் மீற்றர்தான். இருபது வருடத்துக்கு முந்திய பொப்ளின் ஒட்டைப் பார்த்தே பாடம் படித்தவர்கள், துணி தீர்ந்த நேரத்தில் அதே தவறைச் சிறிய அளவில் செய்துவிட்டார்கள். களைத்திருந்த மாலை அது. அந்த இடத்தில் வேலையை நிறுத்தியிருக்க வேண்டும்.

அந்தப் பழைய பொப்ளின் ஒட்டை என்ன செய்வது என்பதும் திருப்தியாக முடியவில்லை. சுற்றிக் கிழிந்திருந்த வாயிலின் மேல் புதிய பட்டி ஓடுகிறது, பொலியெஸ்டர் நூல் உள்ளே இருக்கிறது. மெஷின் தையலை ஒவ்வொன்றாக அறுத்து எடுக்க ஒரு முழு நாள் தனியாக வேண்டும்.

போர்வையின் அடியில், சாரத்தின் ஒரு மூலையில், மூன்று விரல் அகல வெள்ளைத் துணி தைத்திருக்கிறார்கள். தைத்த காலம், செப்பனிட்ட மாதம், நூலின் எண், தண்ணீரில் போடக்கூடாது என்ற குறிப்பு ஆகியவை அழியாத மையில் உள்ளன. சேலைகள் பற்றிய வரி மட்டும் முதலில் எழுதியபடி இல்லை. அதை ஒரு கோடு போட்டு அடித்து, கீழே மகள் மறுபடி எழுதியிருக்கிறார்: சிவப்பு அம்மாயியுடையது, பச்சைக்கோடு பெரியம்மாவுடையது.

ஏழாவது ஒட்டை மாற்ற, தாயின் இன்னொரு வாயில் சேலையிலிருந்து கால் மீற்றர் வெட்டி, துவைத்து, போர்வையோடு அதே உறைக்குள் வைத்திருக்கிறார்கள்.